உயிரோடு இருக்கிறவனுக்குப் பூச்சரம்

காஞ்சிபுரம்,
14 ஜூன் 1968

அன்புள்ள அண்ணனுக்கு,

சலேத்து எழுதுவது. நீ செத்துப்போய்விட்டாய் என்று ஹேமாம்புஜம் நினைத்துக்கொண்டாள். சிரிக்காதே, முழுதும் படி.

போன வாரம் கருடசேவை, பெருமாள் நம் தெரு வழியாகப் போனார். வழக்கம்போல அப்பா விடியும் முன்பே தெருக்கதவையும் ஜன்னலையும் சாத்தித் தாழ் போட்டு, எங்களைச் செபமாலைக்கு உட்காரவைத்தார். சின்ன வயதில் நீயும் நானும் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக் குடையின் தொங்கலை மட்டும் பார்ப்போம். பிறகு பாவசங்கீர்த்தனத்தில், 'வேறு தேவர்களைக் கும்பிடாதே என்ற முதல் கற்பனைக்கு விரோதமாக இடுக்கு வழியாகப் பார்த்தேன் சாமி' என்போம். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார்.

அன்றைக்கு மூன்றாம் தேவ ரகசியம் ஓடும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். "தண்ணிக்கு யாரோ வந்துக்குது, போய்த் தொறடி" என்றாள் அம்மா. திறந்தால் ஹேமா. என்னோடு எஸ்.எஸ்.எல்.சி. படித்த சின்ன காஞ்சிபுரத்து ஹேமாம்புஜம்தான். இப்போது நகராட்சிப் பள்ளியில் டீச்சர். கூட்டத்தில் நசுங்கி, வேர்த்துக் கொட்டி, நம் வீடு என்று ஞாபகம் வந்து தட்டியிருக்கிறாள். ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடி குடித்துவிட்டு, சுவரைப் பார்த்தவள் அப்படியே கைகூப்பினாள்.

திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், அங்கி மாட்டிய அன்று ஸ்டுடியோவில் எடுத்த உன் படம். அதைச் சுற்றி மல்லிகைச் சரம். முன்னால் விளக்கு, ஊதுவத்தி.

"ஏண்டி சலேத், உங்கண்ணா எப்போடீ போனார்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பப்படாதா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா பாய்ந்தாள். "எங்க போனாரு? பெங்களூர்ல சாமியாருக்குப் படிச்சிக்கினு இருக்குது என் புள்ள!"

"அப்போ பூ எதுக்கு மாமி?"

அம்மா செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் தறியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை வீசும்போது சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே ஒரு சாமி போகிறது என்று ஜன்னலைச் சாத்துகிறோம். உள்ளே உனக்கு விளக்கேற்றி வைத்திருக்கிறோம். 'முத்து, பட்டு நூல் வரணும்பா, முதலாளி மனசு வைக்கணும்பா' என்று அம்மா தினமும் உன்னிடம்தான் கேட்கிறாள், ஆண்டவரிடம் இல்லை. அப்பா உன் படத்தின் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தறியில் உட்காருகிறார். சாயங்காலம் விளக்கேற்றுவது என் வேலை.

இது என்ன பாவம்? நீதான் படிக்கிறாயே, சொல்.

டீச்சர் டிரெயினிங்குக்கு இந்த வருஷமும் விண்ணப்பம் வாங்குகிறார்களாம். போடுகிறாயா என்று ஹேமா கேட்டாள். உன் முதல் பூசை முடியட்டும் என்றேன்.

சலேத்து

*

சேசு மரி சூசை

குருமடம், பெங்களூர்,
27 ஜூன் 1968

அன்புள்ள சலேத்துக்கு,

என் சாவுச் செய்தி கிடைத்தது. சாப்பாட்டறையில் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த மலையாளத்துத் தம்பி என்னவென்று கேட்க, சொன்னேன். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் செத்தவர்களுக்குச் சொல்கிற 'நித்திய இளைப்பாற்றி' சொல்கிறான்.

உன் கேள்விக்குப் பதில். விக்கிரக ஆராதனை என்றால் கல்லையும் மரத்தையும் கும்பிடுவது மட்டும் அல்ல. கடவுளுக்கு உரிய இடத்தில், அவர் படைத்த எதை வைத்தாலும் அதுதான். காசு, பேர், பிள்ளை, தேசம் எதுவும் விக்கிரகமாகலாம். நல்ல பொருள்தான் சுலபமாக ஆகும், ஏனென்றால் நமக்குச் சந்தேகம் வராது. அர்ச்சிஷ்டவர்களுக்கு, அதாவது புனிதர்களுக்கு, நாம் செய்வது வணக்கம், ஆராதனை அல்ல. அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும்.

ஆனால் அம்மாவின் பாசத்தை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதே பாப்பா. படிப்பில்லாத மனசு, தெரிந்த வழியில் காட்டுகிறது. பூவை மட்டும் எடுத்துவிடச் சொல். பார்க்கிறவர்கள் பயப்படுகிறார்கள்.

இங்கே பீடத்தைத் திருப்பிவிட்டோம். சாமியார் இனி சனங்களுக்கு முதுகு காட்டாமல், அவர்களைப் பார்த்து நின்று பூசை வைப்பார். நம் ஊருக்கும் சீக்கிரம் வந்துவிடும். அப்பா எனக்காக நெய்கிற பூசை உடுப்பில் சரிகை எல்லாம் முதுகுப் பக்கம்தானே? அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

நவம்பரில் சப்-டீக்கன் பட்டம், குருப்பட்டத்துக்கு முன்படி. அதற்குப் பிறகு திரும்பி வரும் வழி இல்லை. எனக்காகச் செபி.

உன் அண்ணன்,
இன்னாசிமுத்து

*

காஞ்சிபுரம்,
9 ஜூலை 1968

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்லாதே என்று எழுதினால் நான் சொல்லாமல் இருப்பேனா? சொல்லிவிட்டேன்.

அப்பா நாடாவை வைத்துவிட்டு, நெய்த சிலுவையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சாமியாரு நம்மளைப் பாத்துக்கினு நின்னா, முதுகுல நான் போட்ட சிலுவையை யாரு பாக்கறது? மேல பறக்குற சம்மனசா?" என்றார். நான் சிரித்தேன். "சிரிக்காதடி கழுதை. முன்னாலயும் போடணும்" என்று அன்றைக்கே கதிர், திராட்சைக் குலை என்று புது உருவத்துக்கு ஆள் தேடிப் போய்விட்டார்.

வீடு எப்படி இருக்கிறதென்று உனக்கு யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். கூலித் தறிக்கு முதலாளி நூல் கொடுத்து நாளாகிறது. அவன் வீட்டில் மாடி ஏறுகிறது. தறிக்காரன் வீட்டில் கேழ்வரகுக் களி. கேட்கப் போனால், 'சாமியார் அப்பாவுக்கு இன்னா கொறை' என்று நக்கல் செய்து அனுப்புகிறான். இருக்கிற ஒரே சொந்தத் தறியில் உன் உடுப்பு உட்கார்ந்திருக்கிறது. அதில் புடவை ஓடினால் நாங்கள் அரிசி சாப்பிடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கோயிலில் முன் வரிசையில் நாற்காலி. மற்ற தறிக்காரர்கள் பின்னால் பாயில். அந்த நாற்காலியில் அவர் உட்காரும் விதத்தை நீ பார்க்க வேண்டும். முதுகு சாயவே சாயாது.

நீ எழுதிய பாடத்தை இரண்டு முறை படித்தேன். காசு, பேர், பிள்ளை, தேசம். எல்லாம் இருக்கிறது, நீ மட்டும் இல்லை. அம்மா படிப்பில்லாதவள் என்று அவள் தலையில் வைத்துவிட்டு நழுவிவிட்டாய். படித்தவர்கள் எல்லாருமே இப்படித்தானா, இல்லை குருமடத்தில் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா?

ஒன்று கேட்கிறேன். பூவை எடுக்கச் சொன்னாய். படத்தை எடுக்கச் சொல்லவில்லையே, ஏன்?

சலேத்து

பி.கு. அம்மா உனக்கு நார்த்தங்காய் போட்டிருக்கிறாள். வாலாஜாபாத் மாமா பெங்களூர் வரும்போது கொடுப்பார். தனியாகத் தின்னாதே.

*

பெங்களூர்,
18 ஆகஸ்ட் 1968

பாப்பா,

உன் கடைசி வரிக்குப் பதில் எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதிக் கிழித்தேன். அதனால்தான் தாமதம். இங்கே மேலிடத்தார் எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வழக்கம் இந்த வருஷத்தோடு நின்றுவிட்டது. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

படத்தை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதும்போது அது தெரியவில்லை, நீ கேட்டதும் தெரிந்தது. அந்தப் படம் அங்கே இருக்கிறது என்ற நினைப்பில்தான் நான் இங்கே எழுந்து, குளித்து, படித்து, படுக்கிறேன்.

செபத்தில் கண்ணை மூடினால் எனக்கு என்ன வருகிறது தெரியுமா? நம் ஊர்க் கோயில். நான் வெள்ளைப் பட்டில் கைகளை விரித்து நிற்கிறேன். அப்பா முன் நாற்காலியில். அம்மா அழுகிறாள். முதலாளிகூட வந்து என் கையை முத்தி செய்கிறான். என் குரல் நன்றாக இருக்கிறது. இதைத்தான் நான் தேவ அழைத்தல் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். இந்தக் காட்சியில் கடவுள் எங்கே என்று போன வாரம் தேடிப் பார்த்தேன். அவர் எங்கோ ஓரத்தில் எனக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அம்மா அந்தப் படத்தைக் கும்பிடுகிறாள். நானும் அதையேதான் கும்பிடுகிறேன். அவளாவது பெற்ற பிள்ளை என்று கும்பிடுகிறாள்.

எங்கள் ஆன்ம குருவிடம் போய்ச் சொன்னேன். பிரசங்கம் வைப்பார் என்று பயந்தேன். 'குருப்பட்டம் நல்லதுதான். ஆனால் அதைக் கையிலிருந்து கீழே வைக்க உன்னால் முடியுமா என்று பார். முடியாவிட்டால் அது கடவுள் கொடுத்தது இல்லை, நீ செய்தது' என்றார். அவ்வளவுதான். நாய்க்குச் சோறு வைக்க எழுந்து போய்விட்டார்.

நவம்பருக்கு முன்னால் வெளியே வரலாம் என்றிருக்கிறேன். ஏதாவது பள்ளியில் வேலை தேடுவேன். கடவுளை விட்டு வரவில்லை. படத்தை விட்டு வர வேண்டும், அது இங்கே இருந்தபடி முடியாது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பாவிடம்? எனக்குப் பயமாக இருக்கிறது. நீதான் எனக்கு இருக்கிறாய்.

முத்து

*

காஞ்சிபுரம்,
26 ஆகஸ்ட் 1968

அண்ணனுக்கு,

நன்றாக இருக்கிறது. உனக்கு ஞானம் வந்துவிட்டது. மூன்று வேளை சோறு, மேலே மின்விசிறி, கீழே பெஞ்சு, உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் வரும்.

செங்கல்பட்டில் எனக்கு டிரெயினிங் சீட்டுக் கிடைத்தபோது, 'கரை நாடா வீச ஆள் இல்லம்மா, அண்ணன் சாமியாராவுற வரிக்கும் பொறுத்துக்கோ' என்றார் அப்பா. பொறுத்துக்கொண்டேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவள் எல்லாம் இன்று டீச்சர். நான் உன் உடுப்புக்குக் கரை கோத்துக்கொண்டிருக்கிறேன். பெண் கேட்டு வந்தவர்களிடமும் 'முதல் பூசை முடியட்டும்' என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் உன் கணக்கில் எழுதிக்கொண்டே வந்தேன். இப்போது நீ, 'அது நான் செய்த படம், கீழே வைக்கிறேன்' என்கிறாய்.

வைக்காதே. உனக்கு அழைத்தல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. எங்களுக்கு வேண்டும்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லமாட்டேன். தைரியமிருந்தால் நீயே வந்து சொல்.

சலேத்து

*

பெங்களூர்,
4 செப்டம்பர் 1968

பாப்பா,

நீ எழுதியது அத்தனையும் நிஜம். உன் சீட்டு போனது எனக்குத் தெரியும். நீயே சந்தோஷமாக விட்டுக்கொடுத்தாய் என்று அப்பா எழுதியிருந்தார். நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

அதனால் முடிவை உன்னிடம் விடுகிறேன். நீ சொன்னால் இருந்துவிடுகிறேன். பட்டம் வாங்கும்போது நாங்கள் பீடத்துக்கு முன்னால் தரையில் முகங்குப்புற விழுந்து கிடப்போம். சுற்றி நின்று எல்லாரும் சகல அர்ச்சிஷ்டவர்களையும் கூப்பிட்டுப் பிரார்த்தனை பாடுவார்கள். நானும் விழுவேன். யாருக்கு முன்னால் விழுகிறேன் என்பது எனக்கும் உனக்கும் மட்டும் தெரியும். உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன், அப்போது வலிக்காது.

நார்த்தங்காய் வந்தது. மலையாளத்துத் தம்பி பாதிக்கு மேல் தின்றுவிட்டான்.

முத்து

*

காஞ்சிபுரம்,
22 செப்டம்பர் 1968

என் அண்ணனுக்கு,

விழாதே. முதலில் அதை எழுதிவிடுகிறேன். எனக்காக விழாதே.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஆத்திரம். உன் படத்தைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா நூல் கேட்க முதலாளி வீட்டில். படத்தைத் தொடுவதற்கு முன்னால் என் கை தானாகப் போய் நெற்றியில் சிலுவை போட்டது. ஸ்டூல் மேல் அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மா உன்னிடம் நூல் கேட்பாள், மழை கேட்பாள். நான் தினமும் விளக்கேற்றும்போது உன்னிடம் என்ன சொல்வேன் தெரியுமா? 'பார், உனக்காக என்னவெல்லாம் விட்டேன் பார்.' இதுதான் அண்ணா என் செபம். இத்தனை வருஷமாக வேறு செபம் எனக்கு இல்லை. கோயிலில் மண்டியிட்டாலும் இதுதான். திருவிருந்து வாங்கித் திரும்பி வரும்போதும் இதுதான். அம்மாவுக்கு நீ சாமி. எனக்கு, உனக்காகப் பலியான சலேத்து சாமி. தினமும் அவளுக்குத்தான் விளக்கேற்றியிருக்கிறேன்.

நீ சாமியாரானால் நான் தியாகி. ஆகாவிட்டால் வெறுமனே படிப்பை விட்ட தறிக்காரன் மகள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, உன் ஆன்மா அல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தச் சீட்டுப் போன பிறகு, இரண்டு வருஷம் முன்பு ஹேமா கடைத்தெருவில் பார்த்து விண்ணப்பத்தாள் கொடுத்தாள். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் பெண் கரைக்கு வரத் தயாராக இருந்தாள். அப்பாகூட 'உன் இஷ்டம்மா' என்றார். நான்தான், 'வேணாம்பா, அண்ணன் பூசை முடியட்டும்' என்று தாளை மடித்து அடுப்பில் போட்டேன். அன்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது எனக்கு டீச்சர் வேலையைவிட இனிப்பாக இருந்தது.

அப்பா செய்தது அநியாயம்தான். முதலாளி செய்வது அதைவிட அநியாயம். அதை நான் விடப்போவதில்லை, கோபத்தையும் விடமாட்டேன். ஆனால் அதற்கு மல்லிகை சுற்றி ஊதுவத்தி கொளுத்தியது நான்தான்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், 'முதல் கற்பனை' என்று ஆரம்பித்தேன். சாமியார் பழக்கத்தில், 'என்ன, ஜன்னலில் பார்த்தாயா?' என்றார். 'இல்லை சாமி, கண்ணாடியில்' என்றேன். அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

அம்மாவிடமும் அப்பாவிடமும் நானே சொல்கிறேன். உனக்கு வேண்டாம், நீ உளறுவாய்.

சலேத்து

*

பெங்களூர்,
30 செப்டம்பர் 1968

பாப்பா,

படித்துவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். காஞ்சிபுரம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. பயமாகவும் இருந்தது, இளைப்பாறலாகவும் இருந்தது.

குருமடத்து ரெக்டரிடம் சொல்லிவிட்டேன். நன்றாகவே நடத்தினார். அங்கியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மலையாளத்துத் தம்பி தன் நீலச் சட்டை ஒன்றைக் கொடுத்தான், தோளில் கொஞ்சம் பிடிக்கிறது.

அவர்கள் என்ன சொன்னார்கள்? வரலாமா, வேண்டாமா? எதுவாக இருந்தாலும் எழுது.

முத்து

*

காஞ்சிபுரம்,
12 அக்டோபர் 1968

அன்புள்ள அண்ணனுக்கு,

சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "அங்க சோறு ஒத்துக்கலியா?" என்று. சோறு இல்லை, மனசு என்றேன். "மனசுக்கு இன்னா வந்துச்சி? நான் தெனம் கும்பிட்டுக்கினுதானே இருந்தேன்" என்றாள். "யாரைம்மா கும்பிட்ட?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் கஞ்சி வைத்தாள், ஆனால் தட்டை டங்கென்று வைத்தாள்.

அப்பா கத்தவில்லை, கத்தியிருக்கலாம். தறிப்பக்கமே போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நேராக முன்னால் போனார், நாற்காலியின் முதுகைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார், திரும்பிவந்து பாயில் உட்கார்ந்தார்.  பக்கத்து வீட்டுக்காரர் தள்ளி இடம் விட்டார். அன்று அப்பா நன்றாகச் சாய்ந்து தூணில் முதுகைக் கொடுத்துக்கொண்டு பூசை கண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை தறியில் உட்கார்ந்தார். "உடுப்பை என்ன பண்றது?" என்றேன். "இன்னா பண்றது? முடிக்கறதுதான். தோள் அளவைக் கொஞ்சம் பெருசு பண்ணு. எந்தச் சாமியார் வந்தாலும் போட்டுக்கட்டும்" என்றார். அது இறங்கியதும் தறியில் புடவை. முதலாளியிடம் நூலுக்குத் தனியாகப் போகாமல் தெருவே சேர்ந்து போவதாகப் பேச்சு நடக்கிறது. அப்பாவும் போகிறார். இனி யாரும் அவரைச் சாமியார் அப்பா என்று தனியாகத் தள்ளி வைக்க முடியாதல்லவா.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஹேமாதான் தாள் வாங்கிவந்தாள். வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டு, பயந்து என்னைப் பார்த்தாள்.

படம் அங்கே இல்லை. புதன்கிழமை அம்மா தானே ஸ்டூல் போட்டு ஏறினாள். பிடித்துக்கொள்ளப் போனேன், "வுடுடி" என்றாள். காய்ந்த சரத்தைக் கழற்றிக் கீழே போட்டாள். படத்தை முந்தானையால் துடைத்து, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அந்த டீச்சர் பெண் சொன்னதை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, "உசுரோட இருக்குற புள்ளைக்கு எதுக்குடி பூவு" என்றாள். படத்தைத் தன் டிரங்குப் பெட்டியில், நம் ஞானஸ்நான வெள்ளைத் துணிகளோடு வைத்துவிட்டாள். திரு இருதய ஆண்டவர் இப்போது தனியாக இருக்கிறார். அவருக்கும் கொஞ்சம் காற்று வருகிறது.

நீ வரலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அம்மா கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை போட்டு உனக்குப் பிடித்த அடை தட்டிப் பார்க்கிறாள், கை மறந்துபோச்சா என்று. எனக்கும் அப்பாவுக்கும் அதை ஒரு நாளும் செய்ததில்லை, கவனித்துக்கொள். அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

படம் இருந்த இடத்தில் ஆணி அப்படியே இருக்கிறது. இரண்டு நாள் சும்மா இருந்தது. நேற்றிலிருந்து அப்பா தறியிலிருந்து எழுந்ததும் தன் சட்டையை அதில் மாட்டுகிறார்.

பெரிய ஆணி. நீலச் சட்டைக்கும் இடம் இருக்கிறது.

சலேத்து